மலையகத்தில் திறந்த வெளியில் ஹாம் ரேடியோ: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

வானொலிக் கருவியைத் தோளில் சுமந்து சென்று, தேயிலை மலையின் முகட்டிலோ ஒரு பூங்காவின் ஓரத்திலோ அன்டெனாவைக் கட்டி, பல்லாயிரம் கிலோமீற்றர் தொலைவில் இருப்பவருடன் பேச விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உரிமம் பெற்று, ஆர்வத்துக்காக இப்படி வானொலியில் பேசுவதையே ஹாம் ரேடியோ என்கிறோம். இதைப் பற்றிய நூல்களும் காணொளிகளும் நிறையவே உள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் வேறு நாடுகளின் பூங்காக்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நமது மலைகளில் எந்த நிலம் யாருடையது, யாரிடம் அனுமதி கேட்பது, எந்த மாதத்தில் எந்தச் சரிவுக்குப் போவது, பொலிஸார் வந்து விசாரித்தால் எதைக் காட்டுவது என்பவற்றையெல்லாம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித்தான் நான் அறிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு நேரக் கூடாது.

ஒரு விடயத்தை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். ஹாம் உரிமம் உங்களுக்கு அலைகளைப் பரப்பும் அனுமதியைத் தருகிறது. எந்த நிலத்திலும் நிற்கும் அனுமதியை அது தருவதில்லை. மலையகத்தில் புதியவர்கள் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் வருபவை.

1. உரிமம் இல்லாமல் கருவியைத் தொடாதீர்கள்

இலங்கையில் வானொலி அலை பரப்பும் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. உரிமத்தை வழங்குவது கொழும்பில் உள்ள இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. நொவிஸ், ஜெனரல், அட்வான்ஸ்ட் என உரிமம் மூன்று தரங்களாக உள்ளது. ஒவ்வொன்றுக்கும் பரீட்சை உண்டு. பரீட்சைக்குத் தயாராக விரும்புவோர் இலங்கை வானொலிச் சங்கம் நடத்தும் வகுப்புகளைப் பற்றி விசாரிக்கலாம். மின்னியல் அடிப்படையை உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். படிக்காதவர்களுக்கும் மாலை நேரங்களில் ஒழுங்காக அமர்ந்தால் எட்டாத பாடம் அல்ல.

உரிமம் கைக்கு வந்ததும் அதன் நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் வாசியுங்கள். உங்கள் தரத்துக்கு எந்த மீடிறன் (அதிர்வெண்) பட்டைகள், எவ்வளவு உச்ச வலு, நிலையத்தின் முகவரிக்கு வெளியே இயக்குவது பற்றி என்ன சொல்லப்பட்டுள்ளது என்ற மூன்றும் வெளியில் செல்பவருக்கு மிக முக்கியம். ஐயம் இருந்தால் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு, வரும் பதிலையும் உரிமத்துடனேயே வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கிடைத்த பதில் மலை உச்சியில் உதவாது.

கனடாவிலோ இங்கிலாந்திலோ இந்தியாவிலோ உரிமம் பெற்று விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள், அந்த உரிமம் இங்கே தானாகவே செல்லும் என்று எண்ணிப் புறப்பட வேண்டாம். பயணச்சீட்டு வாங்கும் காலத்திலேயே ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்து, இலங்கையில் பயன்படுத்துவதற்கான அனுமதியையும் அழைப்புக் குறியையும் (உங்கள் நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்தும் இலக்கமும்) பெற்ற பிறகு கருவியைப் பெட்டியில் வையுங்கள்.

2. பெயரும் முகவரியும்: விண்ணப்பத்துக்கு முன்பே சரிபாருங்கள்

இந்தப் படியைப் பிற வழிகாட்டிகளில் காண மாட்டீர்கள், ஆனால் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு இதுவே மிக நீண்ட படி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு எழுத்துக்கூட்டல், தேசிய அடையாள அட்டையில் மூன்றாவது என்பது நம்மில் எத்தனையோ பேருடைய நிலை. தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுப் பெயராகவும் இருக்கும். எனது ஆவணங்களும் அப்படித்தான் இருந்தன. பரீட்சைக்குப் படித்த காலத்தை விட அவற்றை ஒரே நிலைக்குக் கொண்டுவரச் செலவான காலமே அதிகம்.

பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன்பே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு இருந்தால் அதுவும் என எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிய எழுத்துக்கூட்டல் வேறுபாடு மட்டும் இருந்தால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசியை ஒரு சமாதான நீதவான் முன் முடித்துக்கொள்ளலாம். பிறந்த திகதியே மாறியிருந்தால் அதனால் ஆகாது. பிரதேச செயலகத்துக்குச் சென்று திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும். விண்ணப்பத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். பின்னர் வாங்கும் ஒவ்வொரு அனுமதியும் அதே எழுத்துக்களைப் பின்பற்றட்டும்.

அடுத்தது முகவரி. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வசிப்பவர்களுக்குத் தனி இலக்கம் இல்லாமல், தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் மட்டும் முகவரியாக இருக்கும் நிலை இன்னும் பல இடங்களில் உள்ளது. கடிதங்களும் தோட்ட அலுவலகத்துக்கே போய்ச் சேருகின்றன. ஆணைக்குழுவிலிருந்து வரும் பதிவுத் தபால் அங்கே ஒரு மேசையில் கிடந்து, பணம் செலுத்த வேண்டிய திகதி கடந்துவிடலாம். நகரத்தில் நம்பிக்கையான உறவினர் ஒருவரின் முகவரியைத் தபாலுக்கு மட்டும் கொடுப்பது நல்லது. நிலையம் உண்மையில் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் மாற்றி எழுதாதீர்கள். வசிப்பிடத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்று ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னர் பல இடங்களில் கைகொடுக்கும்.

3. கருவியை வாங்கும் வழி

வெளிநாட்டு இணையக் கடைகளில் மலிவாகத் தெரியும் கையடக்கக் கருவிகளை உடனே வாங்கிவிடாதீர்கள். அலை பரப்பும் கருவியை இறக்குமதி செய்வதற்கு ஆணைக்குழுவின் அனுமதி தேவை. அது இல்லாமல் வரும் பொதி சுங்கத்தில் நிற்கும். அனுமதிக்கு அலையும் நாட்களுக்குக் களஞ்சியக் கட்டணமும் ஏறலாம். முதலில் கருவியின் தயாரிப்பாளர் பெயர், மாதிரி இலக்கம், மீடிறன் வீச்சு, வலு ஆகியவற்றை எழுதி அனுமதி பெறுங்கள், பிறகு பணத்தைச் செலுத்துங்கள். உள்நாட்டில் பழைய கருவி வாங்குவதானால், விற்பவர் உரிமம் உள்ளவரா என்பதையும் கருவியின் தொடர் இலக்கம் அவருடைய ஆவணங்களுடன் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள்.

மலையேறுவதற்கு 100 வாட் கருவி தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. யேசு எஃப்.டி.818 போன்ற 6 வாட் கருவியோ, ஐகொம் ஐ.சி.705 போன்ற 10 வாட் கருவியோ, சிகூ ஜி90 போன்ற 20 வாட் கருவியோ முதுகுப்பையில் அடங்கும். சிறிய பற்றரியுடன் வேலை செய்யும். 100 வாட் கருவி முழு வலுவில் 20 அம்பியர் அளவு இழுப்பதால், அதற்கான பற்றரியின் எடையே உங்களை மலையடிவாரத்தில் நிறுத்திவிடும்.

4. இடம்: நிலம் யாருடையது என்று கேட்டுத் தொடங்குங்கள்

மலையகத்தின் அழகிய இடங்கள் அனைத்தும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. ஹோர்ட்டன் சமவெளியும் நுவரெலியா நகருக்குள் இருக்கும் சிறிய கல்வேஸ்லேண்ட் பூங்காவும் தேசிய பூங்காக்கள்; வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. நக்கிள்ஸ் மலைத்தொடரின் பாதுகாப்புக் காடு வனத் திணைக்களத்துக்குரியது. ஹக்கல, பேராதனை ஆகிய இடங்களின் தாவரவியல் பூங்காக்களுக்கு இன்னொரு திணைக்களம். ஹக்கல பூங்காவுக்குப் பின்னால் எழும் மலை இறுக்கமான இயற்கை ஒதுக்ககம். அங்கே பொதுமக்கள் நுழையவே முடியாது. அருகருகே கிடக்கும் இரு நிலங்களுக்கு இவ்வளவு வேறுபட்ட விதிகள் இருப்பதை வரைபடத்தை மட்டும் பார்த்து அறிய இயலாது.

இவற்றுக்கு அப்பால் எஞ்சும் பெரும்பகுதி தேயிலைத் தோட்டம். முதன்முறை செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதுவே. தேசிய பூங்காவில் நுழைவுச்சீட்டு உங்களுக்குப் பாதையில் நடக்கும் உரிமையை மட்டுமே தருகிறது. பாதையை விட்டு விலகவோ மரத்தில் கயிறு எறியவோ அது இடம் தருவதில்லை. தோட்டத்திலோ, முகாமையாளர் சம்மதித்துவிட்டால் நாள் முழுவதும் நிம்மதியாக இருக்கலாம். அப்புத்தளைப் பக்கத்து முகடுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. ஒரு பக்கம் தென் சமவெளி விழுந்து கிடக்க, மறுபக்கம் ஊவாப் பள்ளத்தாக்கு திறந்திருப்பதால் எந்தத் திசையையும் மலை மறைக்காது. அன்டெனாவிலிருந்து தாழ்ந்த கோணத்தில் புறப்படும் அலைதான் தூரம் போகும். ஆகவே உயரத்தை விட, நீங்கள் பேச விரும்பும் திசையில் தரை சரிந்து இறங்குவதே முக்கியம். ஐரோப்பாவுக்கு வடமேற்கும் ஜப்பானுக்கு வடகிழக்கும் திறந்திருக்க வேண்டும். இலங்கையின் அதியுயர்ந்த பள்ளத்தாக்கில் அமர்ந்துகொண்டு எதிரே சுவர்போல் எழும் மலையைப் பார்த்து அழைப்பதில் பயனில்லை.

சில இடங்களை முற்றாகத் தவிருங்கள். 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல நாட்டின் மிக உயர்ந்த சிகரம்தான். ஆனால் அதன் உச்சி பாதுகாப்புப் படையினரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, தொலைக்காட்சிப் பரப்புகைக் கோபுரங்களும் அங்கேயே உள்ளன. அப்படிப்பட்ட கோபுரங்களின் அருகே உங்கள் கருவியின் வாங்கி (அலைகளைப் பெறும் பகுதி) திணறிப்போகும் என்பது ஒரு காரணம், கம்பியும் கருவியுமாக நிற்பவரைக் காவலர்கள் சும்மா விடமாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். விக்டோரியா, ரந்தெனிகல, கொத்மலை போன்ற அணைக்கட்டுகளின் அருகிலும் இராணுவ முகாம்களின் பார்வை படும் இடங்களிலும் கருவியை வெளியே எடுக்கவே வேண்டாம். சிவனொளிபாதமலைக்கு மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை பக்தர்கள் ஏறுகிறார்கள். அந்தப் படிகளில் கம்பி கட்டுவது பிறருடைய வழிபாட்டுக்கு இடையூறு. அந்த மலையை வானொலிக்கு அப்பால் விட்டுவிடுங்கள்.

5. அனுமதிக் கடிதமும் கையில் இருக்க வேண்டிய கோப்பும்

தோட்டமானால் முகாமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், அழைப்புக் குறி, வரும் திகதி, தொடங்கி முடிக்கும் நேரம், எந்தப் பிரிவில் எந்த இடம், எத்தனை பேர், மரத்துக்கு ஆணி அடிக்க மாட்டீர்கள், தேயிலைச் செடிக்குச் சேதம் வராது, குப்பையைத் திருப்பி எடுத்துச் செல்வீர்கள் என்பவை அதில் இருக்கட்டும். குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் கொடுங்கள். அந்த நாளில் குறிப்பிட்ட மலையில் மருந்து தெளிப்பு இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். முகாமையாளரின் சம்மதம் கிடைத்தாலும் அந்தப் பிரிவின் கங்காணியிடமும் காவலாளியிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதே முறை. அலுவலகத்தில் ஒப்பமிட்ட கடிதத்தை மலையில் நிற்பவர் பார்த்திருக்க மாட்டார்.

தேசிய பூங்காவோ பாதுகாப்புக் காடோ ஆனால், அந்த இடத்தின் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பதில் வந்த பிறகே நாள் குறியுங்கள். பதில் வராவிட்டால் மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது, தரையில் நிறுத்தும் இலேசான கம்பமும் ஒரே ஒரு கம்பியும் மட்டுமே பயன்படுத்துவீர்கள், மின்பிறப்பாக்கி கொண்டுவர மாட்டீர்கள், ஒலிபெருக்கிக்குப் பதிலாகக் காதில் அணியும் கருவியில் கேட்பீர்கள் என்பவற்றை எழுதுங்கள். அதிகாரியின் முதல் கவலை விலங்குகளுக்குத் தொல்லை வருமா என்பதுதான்.

இனிக் கோப்பு. உரிமத்தின் பிரதி, அந்த ஆண்டின் கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டு, அடையாள அட்டை, நிலத்துக்கான அனுமதி, கருவியின் இறக்குமதி அனுமதிப் பிரதி ஆகிய அனைத்தையும் நீர் புகாத உறையில் வையுங்கள். இவற்றுக்கு மேலாக, நீங்கள் யார், இந்தக் கருவி என்ன, எந்தச் சட்டத்தின் கீழ் இதை இயக்குகிறீர்கள் என்று சிங்களத்திலும் தமிழிலும் விளக்கும் ஒரு பக்கத் தாள் ஒன்றை உங்கள் புகைப்படத்துடன் தயாரித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ரோந்து வந்த பொலிஸார் என்னை அணுகிக் கேட்டபோது, அந்தத் தாளை வாசித்துவிட்டு உரிமத்தைப் பார்த்தார்கள், சிறிது நேரம் அருகில் நின்று கேட்டுவிட்டுச் சென்றார்கள். தமிழ் பேசும் இளைஞன் ஒருவன் மலையில் தனியாகக் கம்பியுடன் இருந்தால் அயலவருக்கும் ஐயம் எழுவது இயல்பு. ஆகவே தனியாகப் போகாதீர்கள். கேட்பவரிடம் மரியாதையாக, உடனே, முழுமையாக விளக்குங்கள். 2004 ஆழிப்பேரலையின்போது தொலைபேசி அறுந்த அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தது ஹாம் வானொலியாளர்கள்தான் என்ற ஒரு வரியும் அந்தத் தாளில் இருக்கலாம். பலருக்கு அதன் பிறகு விளக்கம் தேவைப்படுவதில்லை.

6. மாதமும் நேரமும்

இந்தப் படியில் தவறினால் உயிருக்கே ஆபத்து என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நுவரெலியா, அட்டன், தலவாக்கலைப் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேல் பருவமழை; அக்காலத்தில் ஊவாப் பக்கமான பண்டாரவளை, வெலிமடை, பதுளை ஒப்பீட்டளவில் காய்ந்திருக்கும். ஆனால் அங்கே அப்போது கச்சான் காற்று பலமாக அடிப்பதால் உயரமான கம்பம் நிற்காது. கம்பியைத் தாழ்வாகச் சரித்துக் கட்ட வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் ஊவா நனைந்திருக்கும். இரு பக்கங்களுக்கும் பொதுவாக நல்ல காலம் மாசி (பெப்ரவரி). ஏப்ரலில் நுவரெலியாவின் வசந்த காலக் கொண்டாட்டத்துக்கு நாடே திரண்டு வருவதால் வான் வாடகையும் அறை வாடகையும் பன்மடங்காகும், பாதைகளும் நெரிசலாகிவிடும்.

இரு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை வெயில் பளிச்சென்று இருந்தாலும் மதியத்துக்குப் பின் இடிமுழக்கம் எழும். முகட்டில் உயர்த்திய கம்பியின் கீழ் அமர்ந்திருப்பவருக்கு மின்னல் எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லத் தேவையில்லை. இம்மாதங்களில் பிற்பகல் 1 மணிக்கு முன் அன்டெனாவை இறக்கிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 செக்கன்களுக்குக் குறைவாக இருந்தால் மழை பெய்யாவிட்டாலும் அது 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டு முகட்டை விட்டு இறங்குங்கள், கம்பியைச் சுற்றிக்கொண்டு நிற்க வேண்டாம். தொடர்ந்து மழை பெய்த நாட்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்து, உங்கள் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் அதில் இருந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள். நோயாளர் காவு வண்டிக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிஸுக்கு 119 ஆகிய இலக்கங்களைக் கோப்பின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

இதில் ஒரு முரண் உள்ளது. 20 மீற்றர் பட்டையில் (14 மெகாஹேர்ட்ஸ் அளவில் உள்ள மீடிறன்கள்) ஐரோப்பா நன்றாகக் கேட்பது நமக்குப் பிற்பகலிலிருந்துதான், இடி வருவதும் அதே நேரத்தில்தான். எனவே ஐரோப்பாவைத் தேடுபவர்கள் மாசியின் காய்ந்த நாட்களைத் தேர்ந்தெடுத்து மாலை வரை இருங்கள். இடி மாதங்களில் செல்பவர்கள் அதிகாலையில் தொடங்கி, 40 மீற்றர் பட்டையில் தென்னிந்தியாவையும் உள்நாட்டு நிலையங்களையும், வெயில் ஏற ஏற 20, 15 மீற்றர் பட்டைகளில் கிழக்காசியாவையும் தேடுவது பொருத்தமானது. 40 மீற்றர் பட்டை நமது வலயத்தில் 7.000 முதல் 7.200 மெகாஹேர்ட்ஸ் வரை மட்டுமே. அமெரிக்கக் காணொளிகளில் 7.200க்கு மேல் பேசுவதைப் பார்த்து நீங்களும் அங்கே போகாதீர்கள்.

7. பையில் எதை வைப்பது

முதல் அன்டெனாவை நீங்களே செய்யுங்கள். சாதாரண செப்புக் கம்பியும், அதைக் கருவியுடன் இணைக்கும் ஒரு கோஆக்ஸ் கேபிளும் போதும். அரை அலை இருமுனை அன்டெனாவின் மொத்த நீளத்தை மீற்றரில் அறிய 142.5ஐ மெகாஹேர்ட்ஸில் உள்ள மீடிறனால் வகுத்துக்கொள்ளுங்கள்: 14.2க்கு ஏறத்தாழ 10 மீற்றர், அதாவது பக்கத்துக்கு 5 மீற்றர், 7.1க்கு ஏறத்தாழ 20 மீற்றர். சற்று நீளமாக வெட்டி, வீட்டு முற்றத்தில் அளந்து பார்த்து, எஸ்.டபிள்யூ.ஆர். (அன்டெனா கருவியுடன் எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் அளவு) 2க்குக் கீழ் வரும்வரை சிறிது சிறிதாகக் குறையுங்கள். சரிவான தேயிலை மலையில் இரு பக்கமும் கம்பி இழுக்க இடம் கிடைக்காத நேரம் அதிகம் என்பதால், 20 மீற்றர் கம்பியின் ஒரு முனையில் 49க்கு 1 விகிதமுள்ள ட்ரான்ஸ்போமரை இணைக்கும் ஒருமுனை அன்டெனா இன்னும் வசதியானது; 40, 20, 15, 10 மீற்றர் ஆகிய நான்கு பட்டைகளும் ஒரே கம்பியில் கிடைக்கும்.

பற்றரிக்கு லிதியம் இரும்பு பொஸ்பேட் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈய அமில வகையின் எடையைச் சுமந்து மலையேற முடியாது. கணக்கு எளிது. கேட்கும்போது அரை அம்பியரும் பேசும்போது சராசரியாக 5 அம்பியரும் எடுக்கும் கருவியில், நேரத்தின் கால்பங்கு பேசினால் சராசரி 1.6 அம்பியர் அளவில் வரும். 6 அம்பியர் மணிப் பற்றரி மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். அத்தகைய பற்றரி 100 வாட் மணிக்குள் அடங்குவதால், விமானத்தில் வருபவர்கள் கைப்பொதியில் கொண்டுவருவதற்கும் அது ஏற்றது. ஆனாலும் விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்பவர்கள் பொலித்தீன் உறைகளில் எதையும் சுற்றாதீர்கள். வாயிலில் பைகளைத் திறந்து பார்த்து அவற்றை அகற்றிவிடுவார்கள். கேபிளும் சிறு பாகங்களும் கையில் சிதறும். எல்லாவற்றையும் துணிப்பைகளில் வகைப்படுத்தி வையுங்கள். குடை, உலர்ந்த துவாய், தார்ப்பாய்த் துண்டு, அட்டை கடிக்காமல் இருக்க நீண்ட காலுறை, உப்பு ஆகியவை மலையகத்தில் கருவியளவுக்கே அவசியம். மூடுபனி வந்தால் சில நிமிடங்களில் கருவியின் மேல் நீர் கோத்துவிடும்.

8. அன்டெனா கட்டும்போது

முதலில் மேலே பாருங்கள். மின்கம்பி எந்தப் பக்கத்திலாவது இருந்தால், உங்கள் கம்பமும் கம்பியும் விழுந்தாலும் அதைத் தொட முடியாத தூரத்துக்கு விலகுங்கள். அடுத்து மரத்தைப் பாருங்கள், குறிப்பாகக் குளவிக் கூட்டைத் தேடுங்கள். கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் குளவிக்கொட்டுக்கு ஆளாகி மருத்துவமனைக்குப் போவதும் சிலர் இறந்துபோவதும் நமக்குத் தெரிந்த துயரம். கல்லைக் கட்டி மரக்கிளைக்கு மேல் கயிறு எறியும் ஒரு கணத்தில், உங்களுக்கு மட்டுமன்றிக் கீழே மலையில் வேலை செய்பவர்களுக்கும் அந்த ஆபத்தைக் கொண்டுவந்துவிடலாம். அந்தப் பிரிவில் கூடு எங்கே இருக்கிறது என்பது தொழிலாளர்களுக்குத் தெரியும், அவர்களைக் கேளுங்கள். ஐயம் இருந்தால் நிழல் மரத்தை விட்டுவிட்டு, ஆறு மீற்றர் மூங்கில் கழியையோ நாரிழைத் தூண்டிற்கம்பையோ நிறுத்துங்கள்.

கம்பி நடைபாதையைக் கடக்க வேண்டாம். தலையில் கொழுந்துச் சாக்குடன் இறங்கி வருபவருக்கு மெல்லிய கம்பி கண்ணில் படாது. வேறு வழியில்லை என்றால் ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி, நிறத் துணித் துண்டுகளைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் மரைகள் மனிதருக்குப் பயப்படாமல் அருகே வருகின்றன. கொம்பில் மாட்டக்கூடிய உயரத்தில் கம்பியோ கயிறோ விடக் கூடாது. தோட்டங்களில் சிறுத்தைகள் நடமாடும் விடியற்காலையிலும் அந்தியிலும் தேயிலைக்குள் தனியே நடக்காமல் பாதையிலேயே இருங்கள்.

9. பேசும்போது

நிலையத்துக்கு வெளியே இயக்குகிறீர்கள் என்பதைக் காட்ட, அழைப்புக் குறியுடன் போர்ட்டபிள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அழைக்கும் முன் அந்த மீடிறனில் எவரும் இருக்கிறார்களா என்று ஒரு நிமிடமாவது கேட்டுப் பாருங்கள். 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறியை உலகம் அடிக்கடி கேட்பதில்லை என்பதால், ஒருவர் உங்களைக் கண்டுபிடித்துவிட்டால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். பதற்றம் வேண்டாம். கேட்ட இரண்டு எழுத்துக்களைத் திருப்பிச் சொல்லி, அவரை மட்டும் முடித்துவிட்டு அடுத்தவருக்குச் செல்லுங்கள்.

பூங்காக்களுக்கும் சிகரங்களுக்குமான உலகத் திட்டங்களில் கணக்குச் சேர விரும்பினால், புறப்படும் முன் உங்கள் இடம் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்ஸ் ஒன் தி எயார் திட்டத்தில் ஒரே நாளில் 10 தொடர்புகள் வேண்டும். சமிட்ஸ் ஒன் தி எயார் திட்டத்தில் 4 போதும், ஆனால் உச்சியிலிருந்து 25 மீற்றர் உயர வேறுபாட்டுக்குள் இருக்க வேண்டும், வாகனத்துக்குள் இருந்து பேசக் கூடாது. அந்த நாள் உலகப் பொது நேரப்படி கணக்கிடப்படுகிறது. நமக்கு அது காலை 5.30க்குத் தொடங்குவதால் பகல் முழுவதும் ஒரே நாளுக்குள் அடங்கும், 5.30க்கு முன் செய்த தொடர்புகள் மட்டும் முந்தைய நாளுக்குப் போய்விடும். பள்ளத்தாக்குகளில் கைத்தொலைபேசிச் சமிக்ஞை இல்லாமற்போவதுண்டு. ஆகவே எந்த நேரம் எந்த மீடிறனில் இருப்பீர்கள் என்பதை முந்தைய இரவே நண்பர்களுக்கு அறிவித்துவிடுங்கள்.

10. செலவும் பதிவேடும்

முதல் பயணத்தில் பெருஞ்செலவு வான் வாடகை. நுவரெலியாவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளி வாயிலுக்குப் பஸ் சேவை இல்லாததால், விடியுமுன் புறப்படும் வானைத்தான் நம்ப வேண்டும். நால்வராகச் சேர்ந்தால் தாங்கும். ஒஹிய புகையிரத நிலையத்தில் இறங்கி நடப்பவர்களுக்கு ஏற்றம் 11 கிலோமீற்றர் அளவு, கருவியுடன் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நுழைவுக் கட்டணம் இலங்கையருக்கும் வெளிநாட்டவருக்கும் வெவ்வேறு. அதன் மேல் வாகனக் கட்டணமும் சேவைக் கட்டணமும் வரியும் சேரும் என்பதால், பலகையில் முதலில் தெரியும் தொகையை மட்டும் எண்ணிக்கொண்டு போகாதீர்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர்கள் உடன் வந்தால் இதை முன்பே சொல்லிவிடுங்கள். தோட்டத்துக்குச் செல்வதானால் பஸ் கட்டணமும் தேநீரும் போகச் செலவு பெரிதாக இராது, நான் தோட்டத்தை முதலில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பதிவேட்டை மலையிலேயே காகிதத்தில், பென்சிலால் எழுதுங்கள். பேனை ஈரத்தில் நின்றுவிடும். திகதி, உலகப் பொது நேரம், மீடிறன், முறை (குரல், மோர்ஸ் போன்றவை), எதிர் நிலையத்தின் அழைப்புக் குறி, இரு பக்கச் சமிக்ஞை அறிக்கை (ஒருவருக்கொருவர் எவ்வளவு நன்றாகக் கேட்டது என்பது), நீங்கள் நின்ற இடம் ஆகியன போதும். வீட்டுக்கு வந்ததும் கணினியில் ஏற்றி, திட்டத்தின் இணையத்தளத்துக்கு அனுப்பிவிட்டுக் காகிதத்தையும் கோப்பில் சேர்த்து வையுங்கள். அதே கோப்பின் முதற்பக்கத்தில் உரிமத்தின் ஆண்டுக் கட்டணத்துக்குரிய திகதியைக் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்பே பணத்தைச் செலுத்திவிடுங்கள். அந்தப் பற்றுச்சீட்டு கைக்கு வரும்வரை அடுத்த மலைக்கு நாள் குறிக்க வேண்டாம்.